மேல்மாத்து

கிழக்கு வெளுக்கும்போதே பாப்பாத்தி முழங்கை வரை நனைந்திருப்பாள். கள்ளக்குறிச்சியில் காசிநாதன் நடத்தும் டூவீலர் சர்வீஸ் கடைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, வண்டி கழுவும் மேடை. முந்தின சாயங்காலம் விட்டுப்போன வண்டிகளையெல்லாம் கடை திறப்பதற்குள் கழுவி, ரோட்டைப் பார்க்க வரிசையாக நிறுத்திவிட வேண்டும். தண்ணீர்க் குழாய் பின்னால் உதைக்கும். இடுப்பில் அணைத்துப் பிடிக்காவிட்டால் தோள்பட்டை கழன்றுவிடும். செயினில் அப்பிய கிரீஸைக் கரைக்க டீசல், டீசலைப் போக்க சோப்பு நுரை, நுரையைப் போக்க மார்கழித் தண்ணீர். விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசையும்போது கண்ணில் நீர் முட்டும்.

நைனார்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவள் அவள். முன்பு கரும்பு வெட்டப் போனாள். வெட்டுகிற இயந்திரம் வந்து அந்த வேலையைத் தின்றபின் இங்கே வந்து சேர்ந்தாள். கரும்புச் சோகை கிழித்த கை இப்போது டீசலில் வேகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்குக் காசிநாதன் விடிகாலையிலேயே வந்துவிட்டார். கையில் வெள்ளைத் துணி. கழுவி நிறுத்திய வண்டி ஒன்றின் மட்கார்டுக்கு அடியில் துணியை விட்டுத் துடைத்து எடுத்தார். செம்மண் அப்பிக்கொண்டு வந்தது.

"இன்னாமா இது?"

பாப்பாத்தி குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"கஸ்டமரு கண்ணாடி மாரி வண்டி கேக்கறான். நீ சேத்தோட குடுத்துக்கினு இருக்கற. கை வலிக்குதா? வலிச்சா வூட்லயே குந்திக்க. இந்த வேலைக்கு எத்தினி பேரு வரிசைல நிக்கறாங்க தெரியுமா?"

"கழுவிடறேன் சார்."

"கழுவு. நான் இங்கியே நின்னு பாக்கறேன்."

அந்த மண்ணை அவள் சோம்பலால் விட்டு வைக்கவில்லை. விட்டுவைக்கச் சொன்னவர்கள் மெக்கானிக்குகள் கவியரசனும் பிரவீன்குமாரும். அதற்கொரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை முதலாளியிடம் சொல்ல முடியாது.

காசிநாதன் கடையில் பிரேக் ஆயில் மாற்றுவதற்கு இரண்டு வழி. டிஸ்க் பிரேக் வண்டிக்குக் கைப்பிடி ஓரத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதில் ஊற்றும் ஆயில் குழாய் வழியாக இறங்கிச் சக்கரத்தருகே உள்ள காலிப்பர் வரைக்கும் போகும். லீவரை அமுக்கினால் சக்கரத்தை நிறுத்துவது அந்த ஆயில்தான். அது காற்றில் இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக் கறுத்துப்போகும். ஒழுங்காக மாற்றுவதென்றால், கீழே காலிப்பரில் உள்ள சின்னத் திருகைத் திறந்து, லீவரை அமுக்கி அமுக்கிப் பழசையெல்லாம் வெளியேற்றி, மேலே புதுசை ஊற்றிக்கொண்டே வந்து, ஒரு பொட்டுக் காற்றுகூட உள்ளே இல்லாமல் மூட வேண்டும். பொறுமையும் ஆயிலும் கேட்கிற வேலை. காசிநாதனுக்கு இரண்டையும் கொடுக்க மனசில்லை. அவர் சொல்லிக்கொடுத்த வழி வேறு: டப்பாவில் இருப்பதை மட்டும் சிரிஞ்சால் உறிஞ்சி எடு, துடை, புதுசை ஊற்று. டப்பாவின் கண்ணாடியில் பார்த்தால் ஆயில் தேன் மாதிரித் தெரியும். கீழே குழாயிலும் காலிப்பரிலும் பழைய கறுப்பு அப்படியே கிடக்கும். மெக்கானிக்குகள் இதற்கு மேல்மாத்து என்று பேர் வைத்திருந்தார்கள்.

கிளட்சுக்கும் ஆயில் உள்ள பெரிய பைக்குகளுக்கு மட்டும் மேல்மாத்து கிடையாது. அவற்றை ஓட்டிவரும் பிள்ளைகள் பக்கத்தில் நின்று செல்போனில் படம் பிடிப்பார்கள். அவர்களுக்கு சீல் உடைக்காத பாட்டில் அவர்கள் கண்ணெதிரிலேயே திறக்கப்படும், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் கடைசிச் சொட்டு வரை மாற்றப்படும். ஆள் பார்த்து இலை போடுகிற கடை அது.

ஊருக்குள் ஓடுகிற வண்டி மேல்மாத்தில் பெரும்பாலும் தப்பித்துவிடும். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற வண்டி தப்பிக்காது. வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் கொதிக்கும். பழைய ஆயிலில் உள்ள தண்ணீர் ஆவியாகி, லீவர் வெறும் காற்றை அமுக்கும். இது தெரிந்ததால் கவியரசனும் பிரவீனும் மலை வண்டிகளுக்கு மட்டும் முதலாளி பார்க்காத நேரத்தில் முழுசாக மாற்றிவிடுவார்கள். நம்பர் பிளேட்டில் மலையா ஊரா என்று தெரியாது, இரண்டுக்கும் ஒரே மாவட்ட எண். மெக்கானிக் கஸ்டமரிடம் பேசக்கூடாது என்பது காசிநாதன் சட்டம். ஆகவே மட்கார்டுக்கு அடியில் ஒட்டிய மண்தான் அவர்களுக்கு விலாசம். கரிசலும் கரும்புத் தூசியும் என்றால் ஊர். சரளைக்கல் கலந்த செம்மண் என்றால் மலை.

முன்பெல்லாம் ரிப்பேர் முடிந்துதான் வண்டியைக் கழுவுவார்கள். ரோட்டில் போகிறவன் கண்ணுக்குப் பளபளவென்று தெரியட்டும் என்று காசிநாதன் அதை மாற்றி, கழுவியபின்தான் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். "மலை வண்டின்னா அடில கொஞ்சம் மண்ண வுட்டு வைக்கா" என்று கவியரசன் கேட்டுக்கொண்டது அதற்கப்புறம்தான். அவளும் செய்துவந்தாள்.

இப்போது காசிநாதன் தலைக்கு மேல் நிற்கிறார். அடுத்து மேடையேறிய நீல வண்டி மண்ணில் குளித்த மாதிரி வந்திருந்தது. பாப்பாத்தி குழாயைத் திருப்பினாள். செம்மண் கரைந்து ரத்தம் போலச் சாக்கடைக்கு ஓடியது. "அங்க, அங்க" என்று காசிநாதன் விரலை நீட்டிய இடமெல்லாம் அடித்தாள். துளி மிச்சமில்லை.

கவியரசன் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுகையும் ஆத்திரமுமாக அடுத்த வண்டிக்குப் போனாள், அதற்கடுத்த வண்டிக்குப் போனாள், சொல்ல மறந்துபோனாள்.

*

அந்த வாரக் கடைசியில் கடை வாசலில் ஒரு குட்டியானை லாரி வந்து நின்றது. பின்னால் அதே நீல வண்டி கயிறு கட்டிக் கிடந்தது. முன்சக்கரம் எட்டாய் வளைந்திருந்தது. கைப்பிடி இடுக்கில் சாமை மணியும் சருகும் ஒட்டியிருந்தன. கூடவே மலையாட்கள் நாலைந்து பேர் குதித்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண் வந்தாள். சேலை முந்தானை முழுக்க ரத்தம் காய்ந்து மொடமொடப்பாகியிருந்தது.

"யாருய்யா இந்த வண்டிக்கு பிரேக் பாத்தது?"

அவள் பேர் வெள்ளச்சி. வண்டி அவள் புருஷன் சக்கரவர்த்தியுடையது. சாமை மூட்டைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து அரைவைக்கு இறங்கியிருக்கிறான். வளைவில் லீவர் கைப்பிடி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. பின்சக்கர பிரேக் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. பள்ளத்துக்குப் போகாமல் பாறைப் பக்கம் திருப்பியதால் உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனது. காலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காசிநாதன் ஓடிவந்தார். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் வாயில் அவ்வளவு சர்க்கரையை அந்தக் கடையில் வேலை செய்கிற யாரும் பார்த்ததில்லை.

"உக்காரும்மா. நான் விசாரிக்கறேன். தப்பு பண்ணவன் எவனா இருந்தாலும் வுட மாட்டேன்."

கவியரசன் குட்டியானையின் மேல் ஏறி வண்டியருகே குந்தினான். காலிப்பர் திருகைத் திறந்து லீவரை அமுக்கினான். காப்பிக் கசடு மாதிரிக் கறுப்பாக ஒழுகியது. அவன் கை நின்றுபோயிற்று. பாப்பாத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது மலை வண்டியாக்கா?" அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரு பொட்டு மண்ணு இல்லியே. ஊரு வண்டின்னு நெனச்சி மேல்மாத்து போட்டுட்டேனே."

"நாந்தாண்டா கழுவிட்டேன். அந்தாளு மேல நின்னுக்கினு கழுவ வெச்சான். உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலடா."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள்.

*

காசிநாதன் பாப்பாத்தியையும் பிரவீன்குமாரையும் உதிரிபாக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சர்க்கரையெல்லாம் வாசலோடு தீர்ந்துவிட்டது.

"போலீசுக்குச் சொல்லியாச்சி. வந்துக்கினு இருக்காங்க. ஆயில் பாட்டில் சீக்கிரம் தீருது, தீருதுன்னு நானும் எத்தினி நாளா கத்திக்கினு இருக்கறேன். கவியரசன் திருடி வெளிய வித்துட்டான். கஸ்டமர் வண்டிக்கு ஊத்தாம ஏமாத்திட்டான். நீங்க ரெண்டு பேரும் கண்ணால பாத்திங்க. அத்த மட்டும் சொன்னா போதும்."

பாட்டில் சீக்கிரம் தீர்ந்தது உண்மைதான். அத்தனையும் மலை வண்டிகளின் குழாய்க்குள் போயிருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே பாவமும் பழியும் ஒரே கையால் பங்கு போடப்பட்டன. பாவம் செய்தவனே பழியை எடுத்து இன்னொருவன் தலையில் வைத்தான்.

"அவன் வித்தத நான் பாக்கலியே சார்" என்றாள் பாப்பாத்தி.

"பாக்கலன்னா இப்ப பாரு. வண்டியக் கழுவுனது நீதான? நீ அடிச்ச தண்ணி பிரேக்ல பூந்துடுச்சின்னு நான் சொன்னா உன் பேரும் சேந்து வரும். யோசிச்சிக்க. ஒருத்தன் போறதா, மூணு பேரும் போறதா?"

பிரவீன்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்தக் கேள்விதான். அவனும் மேல்மாத்து போட்டவன்தான். கவியரசன் போனால் தான் தப்பிக்கலாம். இந்தக் கணக்கு அவன் தலைக்குள் ஓடுவதை முதலாளி பார்த்தார். சிரித்தார்.

"பிரவீனு புத்திசாலி. நீ சொல்லுவ இல்ல?"

பிரவீன் தலையை அசைத்த மாதிரியும் இருந்தது, அசைக்காத மாதிரியும் இருந்தது.

*

அவர்கள் வெளியே வருவதற்குள் காசிநாதன் முந்திக்கொண்டார். கவியரசனைக் காட்டி, "இவந்தாம்மா. ஆயிலத் திருடி வித்துட்டு உன் வூட்டுக்காரன் காலுக்கு ஒல வெச்சவன்" என்றார்.

சக்கரவர்த்தியின் அண்ணன் வேடியப்பன் ஒரே எட்டில் பாய்ந்து கவியரசன் சட்டையைப் பிடித்தான். அறை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. உதடு கிழிந்தது. கவியரசன் கையைத் தூக்கவில்லை. தடுக்கவும் இல்லை. அதைப் பார்த்த மலையாட்களுக்கு, அவன் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"கொன்னுடுங்கடா அவன" என்று எவனோ கத்தினான்.

பாப்பாத்தி நடுவில் விழுந்தாள். வேடியப்பனின் கை அவள் தோளில் இறங்கியது. அவள் நகரவில்லை.

"அடிக்கறதுன்னா என்னையும் சேத்து அடி. ஆனா அவன் திருடல. ஒரு சொட்டு திருடல. அத்தக் கேட்டுட்டு அடி."

"உள்ள போமா நீ!" என்று காசிநாதன் உறுமினார்.

"போவ மாட்டேன்." அவளுக்கே தன் குரல் புதுசாக இருந்தது. வாசலில் வண்டி எடுக்க வந்து காத்திருந்தவர்களும் எட்டிப்பார்த்தார்கள். பாப்பாத்தி எல்லாவற்றையும் சொன்னாள். டப்பாவில் மட்டும் புதுசு ஊற்றச் சொல்வது யார், மண்ணை எதற்காக விட்டுவைத்தார்கள், வெள்ளைத் துணி, நீல வண்டி, தான் சொல்ல மறந்தது. மறைக்கவில்லை. தன்னை மட்டும் தப்பவிட்டுச் சொல்லவும் இல்லை.

"பொய்யி! பட்டப் பொய்யி!" காசிநாதன் பிரவீன் பக்கம் திரும்பினார். "பிரவீனு, நீ சொல்லுடா. இன்னா நடந்திச்சி?"

பிரவீன்குமார் முதலாளி பக்கம் திரும்பவில்லை. கவியரசனின் உதட்டிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தான். மேல்சட்டைப் பையிலிருந்து சிரிஞ்சை எடுத்தான். அதன் கழுத்தில் இன்னும் கறுப்பு ஒட்டியிருந்தது.

"இதாலதான்" என்றான். "தெனமும் இதாலதான். இன்னிக்குக் காலைல கூட நான் போட்டேன். ஓனரு சொல்லித்தான்."

காத்திருந்தவர்களில் ஒருவர் களமருதூர்க்காரர், நெல் விற்கக் கள்ளக்குறிச்சிக்கு வந்த இடத்தில் வண்டியை விட்டிருந்தார். "தம்பி, என் வண்டிக்கு?" என்று கேட்டார்.

"உங்க வண்டிக்கும் அதாண்ணே."

கூட்டம் சலசலத்தது. "அப்ப என் வண்டி?" "என் தங்கச்சி ஸ்கூட்டி?" என்று கேள்விகள் கிளம்பின. காசிநாதனின் நெற்றியில் மார்கழியிலும் வேர்த்தது.

வெள்ளச்சி நாற்காலியை விட்டு எழுந்தாள். பாப்பாத்தி முன்னால் வந்து நின்றாள். அவள் கண்ணில் நன்றி எதுவும் இல்லை. எப்படி இருக்கும்?

"மலைக்காரங்களுக்குன்னு தனியா பாத்து செஞ்சிங்களா? பெரிய தருமம்! மண்ணு ஒட்டியிருந்தா உசுரு, இல்லன்னா சாவு. அப்பிடித்தான?" களமருதூர்க்காரரைக் காட்டினாள். "இந்தாளு மனுசன் இல்லியா? இவருக்குப் பொண்டாட்டி புள்ள இல்லியா?"

களமருதூர்க்காரர் தன் வண்டியின் பிரேக் லீவரைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒளிஞ்சி ஒளிஞ்சி எங்களக் காப்பாத்துனிங்க. அத்த வாயத் தொறந்து, இப்பிடி ஊத்த மாட்டோம்யான்னு மூணு பேரும் ஒண்ணா நின்னு சொல்லியிருந்தா? என் வூட்டுக்காரன் இப்ப நடந்துக்கினு இருப்பான்."

அது அவர்கள் மூன்று பேரும் அறியாத விஷயம் அல்ல. மனசின் ஓரத்தில் எப்போதும் கிடந்ததுதான். முதலாளிக்குத் தெரியாமல் நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதியைப் போட்டு அதை மூடிவைத்திருந்தார்கள். அநியாயத்தில் பாதியைக் குறைத்துச் செய்தால் அது நியாயமாகிவிடுமா? வெள்ளச்சி அந்த மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டாள்.

கவியரசன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "சொல்லியிருக்கணும்கா. வேல பூடும்னு பயந்தோம். இப்ப சொல்றேன். இனிமே இந்தக் கையால மேல்மாத்து கெடையாது. யாரு வண்டிக்கும் கெடையாது."

"நானும் போட மாட்டேன்" என்றான் பிரவீன்.

"மாட்டேன்னா வெளிய போடா!" காசிநாதனின் குரல் கிறீச்சிட்டது. "உன்ன ஆளாக்குனவன் நானு. நன்றி கெட்ட நாய்ங்களா! இந்தப் படியத் தாண்டுனவன் திரும்ப உள்ள வர முடியாது. இந்த ஊர்ல எந்தக் கடைலயும் வேல கெடைக்காம பண்ணிடுவேன். பாக்கறியா?"

"பண்ணு சார்" என்றாள் பாப்பாத்தி. பின்பக்கம் போய் தண்ணீர்க் குழாயை உந்தும் கம்ப்ரசரை நிறுத்தினாள். விடிந்ததிலிருந்து ஓயாமல் இரைந்துகொண்டிருந்த சத்தம் அடங்கியதும் கடையே வேறு கடையாகத் தெரிந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வெள்ளச்சி வழிமறித்தாள். "இங்க சொன்னது சரி. இத்த ஸ்டேஷன்ல சொல்லுவியா? ஊத்துனது யாரு, ஊத்தச் சொன்னது யாருன்னு அங்க வந்து சொல்லுவிங்களா?"

"சொல்லுவோம்."

"உங்களையும் உள்ள போட்டா?"

பாப்பாத்திக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவள் ஒருத்தி சம்பாத்தியம். "போட்டா போடட்டும். பண்ணது பண்ணதுதான. ஆனா தனியா போவ மாட்டோம். அந்தாளையும் இழுத்துக்கினுதான் போவோம்."

வேடியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்துக் கவியரசனிடம் நீட்டினான். மன்னிப்புக் கேட்கவில்லை. "வாயி ஒழுகுது, தொட" என்றான்.

*

போலீஸ் வருவதற்குக் காத்திருக்காமல் அவர்களே நடந்தார்கள். குட்டியானை நீல வண்டியோடு பின்னால் ஊர்ந்து வந்தது. களமருதூர்க்காரரும் தன் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தார், அதன்மேல் ஏற அவருக்கு இனி மனசில்லை. போகிற வழியில் இருக்கும் சின்னச் சின்ன மெக்கானிக் கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்து என்னவென்று கேட்டார்கள். பிரவீன் சொன்னான். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டுக் கூட நடந்தான். "எங்க கடைலயும் அதாண்டா" என்றான்.

காசிநாதன் காரில் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தார். ஸ்டேஷனுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முன்னால் டீ இருந்தது. நாற்காலி அவருக்கு, தரை இவர்களுக்கு. அதில் புதுசாக ஒன்றும் இல்லை.

வாசலில் நின்ற ஏட்டு கூட்டத்தைப் பார்த்துக் குழம்பினார். உள்ளேயிருந்து கேட்ட கதைப்படி, ஒரு திருட்டு மெக்கானிக்கும் அவனை அடிக்கத் துரத்துகிற மலைச்சனமும் வரவேண்டும். வந்தவர்களோ ஒன்றாக வந்து நின்றார்கள்.

"யாரு புகார் குடுக்கறது, யாரு மேல புகாரு? கால் ஒடஞ்சவன் ஆளுங்க இந்தப் பக்கம் வாங்க. கடை ஆளுங்க அந்தப் பக்கம் போங்க. பிரிஞ்சி நில்லுங்க."

யாரும் நகரவில்லை.

"சொல்றது காதுல வுழுவல? பிரிஞ்சி நில்லுங்கன்றேன்."

கவியரசன் ஒரு அடி எடுத்து வைக்கப் பார்த்தான். தன்னால் கால் போனவன் மனைவிக்குப் பக்கத்தில் நிற்கத் தனக்கு என்ன உரிமை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெள்ளச்சி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடியில் பாசம் இல்லை. விரல் எலும்பில் பதிகிற பிடி.

"நில்லு. உன்ன நான் இன்னும் மன்னிக்கல" என்றாள். பிறகு ஏட்டைப் பார்த்தாள். "இவங்க என் சாட்சிங்க சார். புகாரு உள்ள டீ குடிச்சிக்கினு இருக்கறாரே, அவரு மேல. எழுதுங்க. எழுதற வரைக்கும் நாங்க இப்பிடியேதான் நிப்போம்."